திருத்தாமல் விட்ட அல்வா

கஸ்தூரி, ஜொகூரில் லாயாங் லாயாங் என்ற சிற்றூரை அடுத்த ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டும் மலாய் இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டும் படித்துவிட்டு, குளுவாங் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். பதினொரு வருடம் அங்கே பச்சைத் தகடுகளில் ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கண்வலி வந்ததைத் தவிர அந்த வேலையில் நினைவு வைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரம் மட்டும் வேறு.

சாப்பாட்டு மேசையில் அவளைச் சுற்றி நான்கைந்து மலாய்ப் பெண்கள் உட்காருவார்கள். அவர்களில் மூத்தவர் ஸலேஹா. எல்லாரும் அவரை அக்கா என்ற பொருளில் காக் ஸலேஹா என்பார்கள். அவர் ஒரு தமிழ்த் தொடரைக்கூட விடமாட்டார். திரையின் அடியில் ஓடும் மலாய் சப்டைட்டில்தான் அவருக்குப் பெரிய தொல்லை. புரியாததை மறுநாள் கஸ்தூரியிடம் கொண்டுவருவார். நேற்று மாமியார் 'உன் பருப்பு இங்கே வேகாது' என்றாளாம், மருமகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டே போய்விட்டாளாம். பருப்பு வேகாவிட்டால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதானே என்று கேட்பார். அது அடுப்பில் இருக்கிற பருப்பு இல்லை, உன் தந்திரம் என்னிடம் பலிக்காது என்று அர்த்தம் என்பாள் கஸ்தூரி. இப்படியே ஒவ்வொன்றாக வந்தது. ஒருவன் முதலாளிக்கு ஐஸ் வைத்தால் முதலாளிக்குச் சளி பிடிக்காது, மனசுதான் குளிரும். ஒருவன் கடலை போட்டால் அவன் விவசாயி இல்லை, பெண்களிடம் வழிந்து பேசுகிறவன். தலையில் மிளகாய் அரைப்பதற்கு அம்மி வேண்டாம், ஏமாந்த தலை ஒன்று போதும்.

காக் ஸலேஹாவும் சும்மா வாங்கிக்கொண்டு போகிறவர் இல்லை. மலாயில் காற்றைத் தின்பது என்றால் ஊர் சுற்றிப் பார்க்கப் போவது என்றார். நாலு பெண்கள் கூடி வெங்காயம் உரித்தால் ஊர்வம்பு பேசுகிறார்கள் என்று அர்த்தம், நாம் தினமும் இங்கே அதைத்தானே செய்கிறோம் என்றார். மக்கான் ஹத்தி என்றால் தன் ஈரலைத் தானே தின்பது. மனக்குறையை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிறவர்களை அப்படிச் சொல்வார்கள் என்றார். கஸ்தூரிக்கு அந்தச் சொல் உடனே பிடித்துப்போனது.

தொழிற்சாலையில் பாதியை வேறு நாட்டுக்கு மாற்றியபோது அவள் பிரிவையும் மூடினார்கள். அப்போதுதான் குளுவாங்கில் ஒரு கடைவீட்டின் மாடியில், தமிழும் மலாயும் தெரிந்த ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்தாள். தமிழ்த் தொடர்களுக்கு மலாயில் சப்டைட்டில் போட்டுத் தொலைக்காட்சிக்கு அனுப்பும் சிறு நிறுவனம் அது. முதலாளி செல்வா அவளுக்குப் பத்து வசனங்களைக் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னார். பத்தும் சாப்பாட்டு மேசையில் அவள் எப்போதோ காக் ஸலேஹாவுக்கு விளக்கியவை போலவே இருந்தன. அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொன்னார்.

ஆறு வருடம் அவள்தான் அந்த மாடிக்கு ராணி. ரெங்கத்தில் இருக்கும் வீட்டிலிருந்து பழைய மைவி காரில் காலையில் வந்துவிடுவாள். அவள் கணவன் ரூபேந்திரன் செம்பனை ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவன், அதிகம் பேசாதவன். மனைவி எழுதிய வரிகள் நாடு முழுக்க ஓடுவதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை. 'எம் பொண்டாட்டி எழுதினதுதான்' என்று ஆலையில் அவன் சொல்லிக்கொள்வது கஸ்தூரியின் காதுக்கும் வந்திருந்தது.

பிறகு ஷாமளா வந்தாள்.

ஷாமளா ஜொகூர் பாருக்காரி, கஸ்தூரியைவிட ஐந்து வயது சிறியவள். ஏழு வருடம் தினமும் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் தொலைபேசி வேலை பார்த்தவள். கணவனுக்குக் குளுவாங்குக்கு மாற்றல் வந்ததும் இங்கே சேர்ந்தாள். அவள் மலாய் தண்ணீர் மாதிரி ஓடும். தமிழ் அப்படி இல்லை. பேசுவாள், படிப்பாள், ஆனால் பேச்சுக்குள் இருக்கிற பேச்சு பிடிபடாது. அதனால் நாளைக்குப் பத்து முறை நாற்காலியை உருட்டிக்கொண்டு கஸ்தூரியிடம் வருவாள்.

"அக்கா, கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்கன்னு சொல்றா. இது என்னாக்கா?"

வாசனைக்கு வேண்டும், சாப்பிடும்போது வேண்டாம், காரியம் முடிந்ததும் இலையோரம் ஒதுக்கிவிடுவார்கள் என்று கஸ்தூரி விளக்குவாள். சொல்லித்தர அவளுக்குப் பிடித்திருந்தது. ஷாமளா கேட்டுக்கொண்டு போய் அதை மலாயில் மூன்றே சொல்லில் போட்டுவிடுவாள். அங்கேதான் கஸ்தூரிக்கு முதலில் எரிந்தது.

கஸ்தூரியின் வரிகளில் பிழை இருக்காது. ஆனால் நீளம். கடலை போடுகிறான் என்பதற்கு, 'அவன் அந்தப் பெண்ணின் மனத்தைக் கவர்வதற்காக அவளோடு உரையாடிக்கொண்டிருக்கிறான்' என்று மலாயில் எழுதியிருந்தாள். பார்க்கிறவர்கள் படித்து முடிப்பதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். ஷாமளா அதைத் தூக்கிவிட்டு 'மெங்ஙாயாட்' என்று ஒரே சொல்லைப் போட்டாள். மலாய் இளைஞர்கள் தெருவில் பேசுகிற சொல். செல்வா வாய்விட்டுச் சிரித்தார். இதற்கு முன்பு அவர் ஒரு சப்டைட்டிலைப் பார்த்துச் சிரித்துக் கஸ்தூரி கண்டதில்லை.

ஷாமளா தன்னைவிட நன்றாகச் செய்கிறாள் என்பது கஸ்தூரிக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது. ஷாமளாவின் சிரிப்பு பிடிக்கவில்லை. செல்வா கீழே காப்பி வாங்கப் போனால் ஷாமளாவுக்குச் சீனி வேண்டாம் என்பதைக் கேட்காமலே நினைவு வைத்திருப்பது பிடிக்கவில்லை. தன்னிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் அவர் கேட்பதை அவள் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

போன வருடம் பிப்ரவரியில் தொலைக்காட்சியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஷாமளா செய்யும் தொடரின் மலாய் 'செடாப்' என்று எழுதியிருந்தார்கள். ருசியாக இருக்கிறது என்பதற்கு மலாயில் சொல்லும் சொல். செல்வா அதை எல்லாருக்கும் படித்துக் காட்டிவிட்டு, இனி ஷாமளாதான் சீனியர் என்றார். சீனியர் எழுதியதைப் பொருளுக்காக இன்னொருவர் சரிபார்க்க வேண்டியதில்லை. வரிகள் வசனத்தோடு சேர்ந்து ஓடுகின்றனவா என்று நேரத்தை மட்டும் ஒருவர் பார்த்து அனுப்ப வேண்டும். அந்த ஒருவர் கஸ்தூரி.

அன்று மாலை வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கறி ருசிக்கவில்லையா என்று ரூபேந்திரன் கேட்டான். ருசி என்ற சொல்லைக் கேட்டதும் தட்டோடு எழுந்து போய்விட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் ஷாமளா வழக்கம்போல நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். கஸ்தூரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நீதான் சீனியர் லா இப்போ. நீயே பாத்துக்க."

ஷாமளா நாற்காலியை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அகராதியில் தேடிக்கொண்டாள், இணையத்தில் தேடிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, நேரம் பார்ப்பதற்காக ஷாமளாவின் கோப்பு கஸ்தூரிக்கு வந்தது. ஒரு தாய், மகளின் திருமணத்துக்கு முதல் நாள், மாப்பிள்ளை ஓடிப்போன செய்தி கேட்டுத் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். 'எனக்கே அல்வா குடுத்துட்டுப் போயிட்டானே' என்கிறாள். அடியில், 'அவன் எனக்கு ஹல்வா கொடுத்துவிட்டுப் போய்விட்டான்' என்று மலாயில் ஓடியது.

கஸ்தூரி நிறுத்திவிட்டு மறுபடி பார்த்தாள். மலாய்க்காரர்களுக்கும் ஹல்வா தெரியும். இனிப்பு. காதுக்கு இனிமையான பாட்டைக்கூடக் காதுக்கு ஹல்வா என்பார்கள். அதில் ஏமாற்றுகிற பொருள் எங்கேயும் இல்லை. இனிப்புக் கொடுத்துவிட்டுப் போனவனுக்காக ஒரு தாய் ஏன் மாரில் அடித்துக்கொள்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். மாற்றுவதற்கு அரை நிமிடம் ஆகாது. எதிரே நாலடி தூரத்தில் ஷாமளா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையாட்டி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பியிருப்பாள்.

கஸ்தூரி கூப்பிடவில்லை. நேரம் சரியாக இருந்தது. 'சரி' என்பதைத் தட்டி அனுப்பிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் பாடிக்கொண்டே துணி காயப்போட்டாள். என்ன விசேஷம் என்று ரூபேந்திரன் கேட்டான். ஒன்றுமில்லை என்றாள்.

தொடர் திங்கட்கிழமை ஓடியது. செவ்வாய் காலைக்குள் அந்த இருபது நொடிக் காட்சியை யாரோ வெட்டி டிக்டாக்கில் போட்டிருந்தார்கள். தாய் அழுகிறாள், அடியில் ஹல்வா ஓடுகிறது. பார்த்தவர்கள் எண்ணிக்கை லட்சங்களில் ஏறியது. ஹல்வா வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள் அம்மா என்று ஒருவர் எழுதியிருந்தார். சீனி வியாதி இருக்கும், பாவம் என்று இன்னொருவர். தொலைக்காட்சியிலிருந்து செல்வாவுக்குத் தொலைபேசி வந்தது. அறைக்குள் போய்ப் பேசிவிட்டு முகம் கறுத்து வெளியே வந்தவர், எல்லார் முன்னாலும் ஷாமளாவைக் கேட்டார். ஒரு தமிழச்சிக்கு அல்வா குடுக்கிறது என்னவென்று தெரியாதா என்றார்.

ஷாமளா கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். வந்து கஸ்தூரியிடம் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க பாக்கலையாக்கா?"

"நான் டைம் மட்டும்தான் பாத்தேன்."

சொல்லிவிட்டுக் கஸ்தூரி கீழே போய் அவளுக்கு ஒரு தேநீர் வாங்கிவந்து கொடுத்தாள். எல்லாருக்கும் நடக்கிறதுதான், விடு என்று முதுகைத் தட்டினாள். அன்றும் மறுநாளும் அவள் வயிறு குளிர்ந்திருந்தது. செல்வா அவளிடம் வந்து, இனி ஷாமளாவின் கோப்புகளைப் பொருளும் பார்த்துவிடுங்கள் என்று சொன்னபோது, பார்க்கிறேன் என்று பணிவாகச் சொன்னாள்.

வியாழக்கிழமை காற்று திரும்பியது. தமிழ் தெரிந்த யாரோ அந்தக் காட்சியின் கீழே, அல்வா கொடுப்பது என்றால் நம்பவைத்து ஏமாற்றிவிட்டுப் போவது என்று விளக்கியிருந்தார்கள். மலாய்க்காரர்களுக்கு அது ஒட்டிக்கொண்டது. பத்து பகாட் ஊரில் ஒரு பையன், காதலி தன் எண்ணைத் தடுத்துவிட்டாள் என்பதைச் சொல்ல, 'நேற்று எனக்கு ஹல்வா கிடைத்தது' என்று மட்டும் எழுதினான். பந்தில் தோற்ற குழுவுக்கு ஹல்வா கிடைத்தது. சந்திக்கலாம் என்று சொல்லிவிட்டு வராத நண்பன் ஹல்வா கொடுத்தான். இரண்டு வாரத்தில் குளுவாங்கில் மாமாக் என்று அழைக்கும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றில், சாப்பிட்டு முடித்தவர்களுக்கு ஒரு துண்டு அல்வாவைத் தட்டில் வைத்து, இது நிஜ அல்வா என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

தொலைக்காட்சிக்காரர்கள் மறுபடி அழைத்தார்கள். இந்த முறை குரலில் தேன். தொடரைப் பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்களாம். அந்த வரியை எழுதியவர் கோலாலம்பூருக்கு வந்து, மலாய்க் காலை நிகழ்ச்சியில் தமிழ்ச் சாப்பாட்டுச் சொற்களைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். செல்வா, நம்ம ஷாமளா என்றார்.

ஷாமளா நேராகக் கஸ்தூரியிடம் வந்தாள். தனக்கு என்ன தெரியும், தெரிந்ததெல்லாம் அக்கா சொன்னதுதானே, நீங்களும் வாங்க, இரண்டு பேரும் உட்காரலாம் என்று கூப்பிட்டாள். அப்போது போயிருக்கலாம். ஆனால் அந்த வரியால் வந்த அழைப்பில் தொற்றிக்கொண்டு போவதைக் கஸ்தூரியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நீ போட்ட வரி, நீயே போ என்றாள்.

நிகழ்ச்சியை முன்னதாகப் பதிவுசெய்து, ஒரு சனிக்கிழமை காலை போட்டார்கள். ரூபேந்திரன் பசியாறிக்கொண்டே தொலைக்காட்சியைத் திறந்தான். ஷாமளா மாம்பழ நிறச் சேலையில் அழகாக இருந்தாள். பருப்பு ஏன் வேகாது என்று சொன்னாள். ஐஸ் வைத்தால் சளி பிடிக்காது என்று சொன்னாள். கடலை போடுகிறவன் விவசாயி இல்லை என்றபோது நிகழ்ச்சி நடத்தியவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மிளகாய்க்கு அம்மி வேண்டாம் என்றாள். எல்லாம் கஸ்தூரியின் வார்த்தைகள், அதே வரிசையில். கஸ்தூரி தன் பெயர் வரும் என்று காத்திருந்தாள். இப்போது வரும், இதோ வரும் என்று கடைசிவரை பார்த்தாள். வரவில்லை.

"இதெல்லாம் நீ சொல்றதாச்சே" என்றான் ரூபேந்திரன். அவள் தொலைக்காட்சியை அணைத்தாள்.

திங்கட்கிழமை செல்வா வருவதற்கு முன்பே கஸ்தூரி போய் உட்கார்ந்திருந்தாள். ஷாமளா கையில் பலகாரப் பொட்டலத்தோடு படியேறி வந்தாள். பையை வைக்கக்கூடக் கஸ்தூரி விடவில்லை. பதினொரு வருடம் தொழிற்சாலையில் ஒரு மலாய்க்காரிக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்த்த சொற்கள் அவை, நீ போய் உன்னுடையது மாதிரி பேசிவிட்டு வந்திருக்கிறாய் என்றாள். ஷாமளா திகைத்துப்போனாள்.

"நான் சொன்னேன்கா உங்க பேரு. அவங்க வெட்டிட்டாங்க."

கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். அவள் கணவன் படப்பிடிப்புக் கூடத்தின் ஓரத்திலிருந்து எடுத்தது. கேமராக்களின் முதுகுகளுக்கு நடுவே ஷாமளா சிறியதாகத் தெரிந்தாள். குரல் தெளிவாகக் கேட்டது. இவை எதுவும் என்னுடையவை இல்லை, எங்கள் அலுவலகத்தில் கஸ்தூரி என்ற அக்கா இருக்கிறார், அவர்தான் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார், நியாயமாக அவர்தான் இங்கே உட்கார வேண்டும் என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள். ரெங்கம் என்று ஊர்ப் பெயரையும் சொன்னாள்.

கஸ்தூரி அதை முழுதும் பார்த்துவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அப்படியே விட்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவள் ஏன் சொன்னாள் என்பது அவளுக்கே பிறகும் விளங்கவில்லை.

"அந்த அல்வாவ நான் பாத்தேன் ஷாமளா. அனுப்பறதுக்கு முன்னாடியே பாத்தேன். தப்புன்னு தெரியும். தெரிஞ்சேதான் விட்டேன்."

ஷாமளா கேட்டாள்: "ஏன்கா?"

"வயித்தெரிச்சல். உன்னப் பாத்து ஊரே சிரிக்கணும்னு நெனச்சேன்."

கீழே கடையைத் திறக்கும் இரும்புக் கதவின் சத்தம் கேட்டது. ஷாமளா பலகாரப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள். அந்த வரியால் தனக்கு நல்லதுதான் நடந்தது என்று அவள் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

"நான் அழுதப்ப டீ வாங்கிக் குடுத்தீங்களேக்கா" என்றாள். அவ்வளவுதான். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருவரும் வேலையைப் பற்றி மட்டும், அதுவும் மின்னஞ்சலில் பேசிக்கொண்டார்கள். நாலடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. ஷாமளா செல்வாவிடம் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கஸ்தூரிக்கு லேசாக இருந்திருக்கும். ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்து மாடியேறுவாள். அந்த நாட்களில் அவள் ஐந்து கிலோ இளைத்தாள்.

ஜூனில் தொலைக்காட்சிக்காரர்களே ஷாமளாவைக் கோலாலம்பூருக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவள் போன மறுநாள் செல்வா கஸ்தூரியை அழைத்து, இனி நீங்கள்தான் சீனியர் என்றார். தனக்கு யாரைப் போடுவது என்று தயக்கம் இருந்ததாகவும், ஷாமளாதான் போகும்முன், கஸ்தூரியக்கா கண்ணுக்கு எந்தப் பிழையும் தப்பாது என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னார். கஸ்தூரிக்கு நின்ற இடத்திலேயே முகம் சுட்டது. அந்த வாக்கியத்தில் குத்தல் இருக்கிறதா, இல்லை வெறும் நல்ல மனசுதானா என்று அன்று முழுக்க யோசித்தாள். நல்ல மனசுதான் என்று தோன்றியபோது, அதிலும் அவள் முந்திக்கொண்டாளே என்றுதான் முதலில் நினைத்தாள்.

இப்போது கஸ்தூரியின் வரிகள் சிறுத்துவிட்டன. எழுதி முடித்ததும், ஷாமளாவாக இருந்தால் இதில் எந்தச் சொல்லைத் தூக்குவாள் என்று பார்த்து அதைத் தூக்கிவிடுவாள். மாலையில் ஷாமளா செய்யும் தொடரைத் தவறாமல் பார்க்கிறாள். பிழை கிடைக்குமா என்றுதான் பார்க்கிறாள், அதை ஒளிக்கவில்லை. பல மாதம் கிடைக்கவில்லை. இந்த ஜனவரியில் ஒன்று கிடைத்தது. பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் தகப்பன், 'சம்மதம் சொல்லாம உங்க வீட்ல கை நனைக்க மாட்டோம்' என்கிறார். அடியில், உங்கள் வீட்டில் கை கழுவமாட்டோம் என்று ஓடியது. சாப்பாட்டின் பெயரே இல்லாத சாப்பாட்டுச் சொல். அதனால்தான் தப்பியிருக்கிறது.

கஸ்தூரி கைப்பேசியை எடுத்தாள். வைத்தாள். காட்சி மாறி விளம்பரம் வந்தது. மறுபடி எடுத்து, கை நனைப்பது என்றால் ஒருவர் வீட்டில் சாப்பிடுவது, 'உங்கள் வீட்டில் சாப்பிடமாட்டோம்' என்று போடு என்று எழுதி அனுப்பினாள். ஏழு மாதத்தில் முதல் செய்தி. அரைமணி கழித்து, 'நன்றிக்கா' என்று ஒரு சொல் வந்தது.

மறுநாள் பகலில் அதே பகுதியை மறுபடி போட்டார்கள். கஸ்தூரி அலுவலகத்தில் மற்ற வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் வாயைத் திறந்தார். அடியில், 'ஆயர் புன் காமி தாக் செந்தோ' என்று ஓடியது. தண்ணீரைக்கூடத் தொடமாட்டோம். கஸ்தூரி அனுப்பிய வரி அது இல்லை. அதைவிட நல்ல வரி. கையும் இருந்தது, தண்ணீரும் இருந்தது, மறுப்பும் இருந்தது, ஐந்தே சொல்லில்.

வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. 'நல்லா போட்டிருக்க' என்று கைப்பேசியில் தட்டினாள். அனுப்புவதற்கு அடுத்த நாள் காலை ஆயிற்று.